தம்மைத் தாமே திருத்திக்கொண்ட வள்ளலார்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இளைஞர்களுக்குப் பயன்படத்தக்க ஒரு பெருமகனாரின் வாழ்க்கை வரலாற்றை இம்மலருக்கு எழுதித் தருமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். அண்ணல் அம்பேத்கரைப் பற்றியும், அயோத்திதாசப் பண்டிதரைப் பற்றியும், இரட்டைமலை சீனிவாசனாரைப் பற்றியும் நம் இளைஞர்கள் ஓரளவு படித்திருக்கின்றனர். ஆதலின் நாம் வடலூர் இராமலிங்க அடிகளாரின் வரலாற்றை எடுத்துக்கொள்கின்றோம்.

அடிகளார் நம் குலத்தில் தோன்றியவர் அல்லர். கணக்கெழுதும் கருணீகர் குடியில் பிறந்தவர். எனினும் அவர் வாழ்வில் நம்மவர் கூர்ந்து கற்கவேண்டிய அரிய பாடம் ஒன்று உள்ளது. சமயத் துறையில் புகுந்தோர் பலர் தாம் பிடித்ததே உண்மை என்று கடைசி வரை நிற்பர். அடிகளாரோ ஆயிரக்கணக்கான பாடல்களால் தாம் போற்றிவந்த சமயப் பற்றினைத் தம் ஐம்பதாம் வயதில், பலர் கூடியிருந்த அவையில், அறியாமையால் கொண்ட பற்று என்று வெளிப்படையாகக் கூறிக் கைவிட்டார். அவ்வாறு கூறிய துணிவையும், அதைக் கூற மறுத்தோரால் விளைந்த கேட்டையும் இக்கட்டுரையில் விளக்க முயல்வோம்.

பிறப்பும் இளமையும்

சிதம்பரத்திற்கு வடமேற்கே உள்ள மருதூர் என்னும் சிற்றூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5ஆம் நாள் இராமலிங்கர் பிறந்தார். தந்தையார் இராமையா பிள்ளை ஊர்க் கணக்கராகவும் சிறுவர்க்குக் கல்வி கற்பிப்பவராகவும் விளங்கினார். தாயார் சின்னம்மையார். மக்கள் ஐவருள் இராமலிங்கரே கடைசிப் பிள்ளை. குழந்தை தவழத் தொடங்குமுன்னரே தந்தையார் மறைந்தார். குடும்பம் பொன்னேரியை அடுத்த சின்னக்காவணத்திற்கும், பின்னர்ச் சென்னை ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவிற்கும் குடிபெயர்ந்தது.

மூத்த தமையனார் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காத்துவந்தார். தம்பியைத் தம் ஆசிரியராகிய காஞ்சிபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியாரிடம் படிக்க அனுப்பினார். தம்பியோ பாடசாலையை விட்டுக் கந்தகோட்டத்து முருகன் திருமுன்னில் நாள்தோறும் நின்று பாடிக்கொண்டிருந்தார். சினங்கொண்ட தமையனார் வீட்டில் சோறு இடக்கூடாது என்று கட்டளையிட்டதாகவும், அண்ணியார் பாப்பாத்தி அம்மையார் கணவருக்குத் தெரியாமல் உணவளித்துப் பரிவோடு திருத்தியதாகவும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பசித்த வயிற்றின் துன்பத்தை இராமலிங்கர் ஏட்டில் படித்து அறியவில்லை என்பதை இங்கே மனத்திற் கொள்ளவேண்டும்.

ஒருநாள் தமையனார் நோயுற்றபோது, சோமு செட்டியார் இல்லத்தில் பெரியபுராணச் சொற்பொழிவுக்குச் சிறுவர் இராமலிங்கர் சென்று, திருஞானசம்பந்தர் வரலாற்றை நெடுநேரம் விரித்துரைத்து அவையோரை வியப்பில் ஆழ்த்தினார். அன்று முதல் அவர் பெயர் சென்னையில் பரவலாயிற்று. திருவொற்றியூர்ச் சிவபெருமானை நெடுங்காலம் நாள்தோறும் சென்று வழிபட்டார். இக்காலத்தில் அவர் பாடிய பாடல்கள் யாவும் ஆழ்ந்த சைவப் பற்று நிறைந்தவை. 1850ஆம் ஆண்டில் உறவினர் வற்புறுத்தலால் தமக்கையார் மகள் தனக்கோடியை மணந்தார். எனினும் இல்வாழ்வில் அவர் நாட்டம் செல்லவில்லை. 1851இல் ஒழிவிலொடுக்கம் என்னும் நூலைப் பதிப்பித்தார். 1854இல் மனுமுறை கண்ட வாசகம் என்னும் உரைநடை நூலை எழுதினார்.

கருங்குழியும் திருவருட்பாவும்

1858ஆம் ஆண்டில் சென்னையை விட்டுத் தென்திசை நோக்கிப் புறப்பட்ட அடிகளார், சிதம்பரம் சென்று வழிபட்டபின், வடலூரை அடுத்த கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். அங்கே ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். 1865ஆம் ஆண்டில் சமரச வேத சன்மார்க்க சங்கம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார்.

அவர் பாடல்களை அச்சிற் கொணரவேண்டும் என்று அன்பர்கள் பல ஆண்டுகள் வேண்டினர். இறுக்கம் இரத்தின முதலியார் என்பவர் பாடல்கள் கைக்கு வரும்வரை நாளொன்றுக்கு ஒருவேளை உணவே கொள்வது என்று உறுதி பூண்டார். அதன் பிறகே அடிகளார் இசைந்தார். தொழுவூர் வேலாயுத முதலியார் பாடல்களை ஆறு திருமுறைகளாக வகுத்து, திருவருட்பா எனப் பெயரிட்டு, முதல் நான்கு திருமுறைகளை 1867ஆம் ஆண்டில் வெளியிட்டார். நூலாசிரியரைத் திருவருட்பிரகாச வள்ளலார் என்று குறித்தவரும் அவரே. தம் பெயருடன் சாமி என்னும் சொல்லைச் சேர்த்து வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்றும், அதனைத் தவிர்க்கவேண்டும் என்றும் அடிகளார் கடிதம் எழுதியிருந்தார். தம்மைச் சுற்றிப் புகழ் வளர்ந்தபோது அதற்கு வேலி போட முயன்றவர் அவர் என்பதற்கு அக்கடிதம் சான்று.

அணையாத அடுப்பு

1866ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளைப் பஞ்சம் வாட்டியது. அதனை அடுத்து, 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ எண்பது காணி நிலத்தை இதற்கென எழுதிக் கொடுத்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிகிறது. சேலத்திலிருந்து விருத்தாசலம் வழியாகக் கடலூர் செல்லும் இருப்புப் பாதையிலேயே வடலூர் அமைந்திருப்பதால், நம் பகுதி மக்களும் சென்று காணலாம்.

தருமச்சாலையின் அடிப்படைக் கொள்கையைச் சீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில் அடிகளார் விளக்கினார். பசித்து வருபவரின் நாடு, சமயம், சாதி, நடத்தை ஆகியவற்றை ஆராயலாகாது, பசியை மட்டுமே நோக்கவேண்டும் என்பது அதன் சாரம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இக்கொள்கை எத்துணைப் புரட்சியானது என்பதை நம்மவரே நன்கு உணர்வர். சத்திரங்களில் நம் முன்னோர் புறவாசலில் நின்றனர். பல ஊர்களில் பொதுக் கிணற்றில் நீர் மொள்ளவும் உரிமை இல்லை. அக்காலத்தில் பசி ஒன்றே தகுதி என்று ஒருவர் சாலை அமைத்தார். வடலூரில் முதியோர்க்கும் திருக்குறள் வகுப்பு நடத்தச் செய்தார். கல்விச் சங்கம் நடத்தும் நாம் இதனை மறத்தல் ஆகாது.

அருட்பாவும் மருட்பாவும்

திருவருட்பா அச்சேறியதும் பெரும் பூசல் எழுந்தது. அதன் எதிர்த்தரப்பில் நின்றவர் யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர். 1822ஆம் ஆண்டிற் பிறந்த நாவலர் பெரும்புலமை உடையவர். தமிழ் உரைநடையைச் செப்பம் செய்தவர். வண்ணார்பண்ணையிலும் சிதம்பரத்திலும் சைவப் பள்ளிகளை நிறுவியவர். பிழையற்ற பதிப்புகளைத் தமிழுலகிற்குத் தந்தவர். அவர் சிறியவர் என்று எவரும் சொல்லத் துணியார்.

ஆயினும் சைவ ஆகமங்களும் பன்னிரு திருமுறைகளும் வகுத்த எல்லைக்கு அப்பால் உண்மை இருக்கக்கூடும் என்பதை அவர் உள்ளம் ஏற்கவில்லை. அருட்பா என்னும் பெயர் தேவாரம், திருவாசகம் முதலியவற்றுக்கே உரியது என்றும், சமகாலத்தவர் ஒருவர் பாடலைத் திருமுறை என்பது தகாது என்றும், கோயில்களில் தேவாரத்திற்குப் பதிலாக அதனைப் பாடுவது பிழை என்றும் அவர் தரப்பு வாதிட்டது. இராமலிங்கர் பாடல்கள் அருட்பா அல்ல, மருட்பா என்று கண்டன நூல்கள் வெளிவந்தன. இராமலிங்கர் தரப்பாரும் அமைதி காக்கவில்லை. இருபுறமும் துண்டு வெளியீடுகள் பறந்தன; தமிழறிந்த புலவர்கள் எழுதத்தகாத வசைகளை எழுதிக்கொண்டனர்.

1869ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் நடந்த கூட்டமொன்றில் தம்மை இழித்துப் பேசியதாகக் கூறி நாவலர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். கோயில் தீட்சிதர் ஒருவருடன் இராமலிங்கரும் எதிரிகளுள் ஒருவராகச் சேர்க்கப்பட்டார். வழக்கின் முடிவில் இராமலிங்கர் தண்டிக்கப்படவில்லை. அந்த வழக்கைப் பற்றிப் பிற்காலத்தார் இரு சார்பிலும் பல கதைகளைச் சேர்த்துக்கொண்டனர். தம் தலைவர் வென்றார் என்று காட்டுவதில் அவர்களுக்கு இருந்த ஆர்வம், நடந்ததை நடந்தவாறு சொல்வதில் இல்லை.

ஈண்டு ஒரு செய்தியை நாம் சிந்திக்கவேண்டும். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைக் கொடும் பஞ்சம் சூறையாடியது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லிக் கேட்ட அப்பஞ்சம் சேலம் மாவட்டத்தையும் பெரிதும் அழித்தது. அவ்வாண்டுகளில் யாழ்ப்பாணத்திலும் பசி பரவியது. அங்கே கஞ்சித்தொட்டித் தருமம் அமைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தவர் ஆறுமுக நாவலரே. வடலூரில் அடுப்பு மூட்டியவரும், யாழ்ப்பாணத்தில் கஞ்சி வார்த்தவரும் ஏழையின் பசியைத் தணிப்பதில் ஒரே கருத்தினர். இறைவனைப் பற்றிய உறுதி அவ்விருவரையும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிறுத்திவிட்டது. நல்லோர் இருவரையும் இவ்வாறு பகையாக்கவல்லது அவ்வுறுதி என்றால், நம்மைப் போன்றோர் எத்துணை எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும்!

நாவலர் சாதி ஆசாரத்தைச் சைவ ஒழுக்கத்தின் பகுதியாகவே கொண்டவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நூலில் எழுதியிருப்பது தவறாக இருக்கலாம் என்னும் ஐயத்திற்கு உள்ளத்தில் இடமில்லாதபோது, அந்நூலின் பெயரால் நடைபெறும் அநீதியும் கண்ணுக்குத் தெரியாமற் போகும். தீண்டாமை பல நூற்றாண்டுகள் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். நம் முன்னோரை ஒதுக்கியவர் எல்லாரும் கொடியவர் அல்லர். அவருள் பெரும்பாலோர் தாம் செய்வது தருமம் என்று ஐயமின்றி நம்பியவர். ஐயமே இல்லாதவனுக்கு மனச்சான்று உறுத்துவதில்லை.

ஞானசபை

வடலூரில் எண்கோண வடிவில் சத்திய ஞானசபை எழுந்தது. 1872ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், தைப்பூசத்தன்று, அங்கே முதல் வழிபாடு நிகழ்ந்தது. கருப்பு முதலாக ஏழு வண்ணத் திரைகள் ஒவ்வொன்றாக விலக, உள்ளே ஒளி தோன்றும் அமைப்பை அடிகளார் வகுத்தார். ஆன்மாவை மறைக்கும் அறியாமைத் திரைகள் நீங்கினால் உண்மை விளங்கும் என்பது அதன் உட்கருத்து. சபைக்கு விதிகளையும் அவரே எழுதினார். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவரோ எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்டவரோதாம் உள்ளே சென்று விளக்கேற்றுதல் வேண்டும் என்றும், ஆகமச் சடங்குகள் கூடா என்றும் அவர் விதித்தார். அர்ச்சகர் குலம் என்று ஒன்றை அவர் ஏற்படுத்தவில்லை.

அதே ஆண்டில் தம் சங்கத்தின் பெயரையும் மாற்றினார். சமரச வேத சன்மார்க்க சங்கம் என்பது சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் ஆயிற்று. வேதம் என்னும் சொல் நீங்கிச் சுத்தம் என்னும் சொல் புகுந்தது. ஏழாண்டுகளுக்கு முன்னர்த் தாமே இட்ட பெயரைத் தாமே திருத்தியமை, அடிகளார் உள்ளத்தில் நிகழ்ந்துவந்த மாறுதலைக் காட்டுகிறது.

பேருபதேசம்

1870ஆம் ஆண்டு முதல் அடிகளார் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகம் என்னும் மாளிகையில் வாழ்ந்துவந்தார். 1873ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் அங்கே சன்மார்க்கக் கொடி ஏற்றி, கூடியிருந்த அன்பர்களுக்கு நீண்டதோர் உரை நிகழ்த்தினார். அதுவே பேருபதேசம் என வழங்குகிறது.

அவ்வுரையில் அவர் வேதம், ஆகமம், புராணம், இதிகாசம் ஆகிய எவற்றிலும் பற்று வைக்கவேண்டாம் என்று அன்பர்களை வேண்டினார். அவை உண்மையை வெளிப்படையாகச் சொல்லாமல் மறைத்து வைத்தன என்பது அவர் கருத்து. சைவம், வைணவம் முதலிய சமயங்களிலும், வேதாந்தம், சித்தாந்தம் முதலிய மதங்களிலும் நிற்றல் வேண்டாம் என்றார். அதன்பின் தம்மையே சான்றாக வைத்தார். தாமும் முன்னர்ச் சைவ சமயத்தில் அளவிறந்த பற்றுக் கொண்டிருந்ததை அவையோர் அறிவர் என்றும், தாம் பாடிய தோத்திரங்களே அதற்குச் சாட்சி என்றும், அப்போது தமக்கு இருந்த அறிவு சிற்றறிவே ஆதலால் அவ்வாறு இருக்க நேர்ந்தது என்றும் கூறினார். அப்பற்றைக் கைவிட்டதனாலேயே தாம் மேல்நிலை அடைந்ததாகவும் விளக்கினார்.

இதன் அருமையை இளைஞர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். அவர் பாடல்கள் அச்சாகி ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவற்றை மருட்பா என்று பழித்தோர் உயிருடன் இருந்தனர். அவற்றைத் திருமுறை என்று போற்றி, அவற்றுக்காக வழக்காடிய அன்பர்கள் எதிரே அமர்ந்திருந்தனர். அத்தகைய வேளையில், முன்னர்ப் பாடியபோது என் அறிவு சிறிது என்று ஒருவர் சொல்வது எளிதா? பகைவர்க்கு அது வாய்ப்பாகும். நண்பர்க்கு அது ஏமாற்றமாகும். இரண்டையும் பொருட்படுத்தாமல் அவர் அதனைக் கூறினார்.

1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் அடிகளார் சித்திவளாகத்து அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். பின்னர் அவரை எவரும் கண்டிலர். அவர் ஒளியுடம்பு பெற்று இறைவனோடு கலந்தார் என்று அன்பர்கள் நம்புகின்றனர். அந்நாளைய தென்னார்க்காடு மாவட்ட ஆட்சியர் கார்ஸ்டின் 1878இல் வெளியிட்ட மாவட்ட நூலிலும் இந்நிகழ்ச்சி இடம்பெற்றது. நம்புவோர் நம்பட்டும், நம்பாதோரை அவர்கள் பழிக்காதிருக்கட்டும். அவர் வாழ்ந்த ஐம்பது ஆண்டுகளே நாம் கற்பதற்குப் போதும்.

அடிகளாரிடமும் வினவலாம்

இத்துணைப் போற்றிய பின், அடிகளார் கருத்து யாவும் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டவை என்று நாம் கொண்டால், அவர் கற்பித்த பாடத்தையே மறந்தவர் ஆவோம். அவரிடமும் ஆண்டவரைப் பற்றிய சில உறுதிகள் இருந்தன. இறந்தவர்களை எரிக்காமல் புதைக்கவேண்டும் என்றும், ஆண்டவர் வரும்பொழுது அவர்கள் உயிர்பெற்று எழுவர் என்றும் 1871இல் அறிவித்தார். அவ்வாறு எவரும் எழக் கண்டோம் இல்லை.

நம்மவர்க்கு நேரே தொடர்புடைய செய்தி மற்றொன்று உள்ளது. கொலையும் புலாலும் தவிர்த்தவரே ஞானசபைக்குள் புகலாம் என்பது விதி. புலால் உண்போர் புறவினத்தார் எனப்பட்டனர். அவர்களுக்குப் பசி நீக்குதல் உண்டு. அதற்கு மேற்பட்ட உரிமை இல்லை. உயிர்க்கொலையைக் கண்டு அவர் உள்ளம் நடுங்கியது உண்மை. ஆடு, கோழி, மீன் உண்ணும் எல்லாச் சாதியார்க்கும் அவ்விதி பொருந்தும் என்பதும் உண்மை. எனினும் இறந்த மாட்டை அகற்றும் வேலை எவர் தலையில் சுமத்தப்பட்டது, வேறு உணவுக்கு வழியின்றி அவ்விறைச்சியை உண்ண நேர்ந்தவர் யாவர் என்பதை நாம் அறிவோம். மாட்டிறைச்சி உண்ணுதலுக்கும் தீண்டாமையின் தோற்றத்திற்கும் உள்ள தொடர்பை அண்ணல் அம்பேத்கர் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட தீண்டப்படாதார் பற்றிய நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். உணவை வைத்து வாசலில் கோடு கிழித்தால், அக்கோட்டிற்கு வெளியே பெருமளவில் நிற்பவர் ஏழைகளே.

இவ்வாறு நாம் வினவுவது அடிகளாரை இழிவுபடுத்துவது ஆகாது. தம் இளமைப் பாடல்களையே சிற்றறிவின் விளைவு என்று சொல்ல அஞ்சாதவர், தம் விதியைப் பற்றி நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் எழும் நியாயமான வினாவையும் கேட்டிருப்பார் என்றே நாம் கருதுகின்றோம்.

பின்வந்தோர் செய்தவை

தலைவர்கள் மறைந்த பின்னரும் அருட்பாப் பூசல் ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக் கதிரைவேற் பிள்ளை மருட்பாக் கட்சியின் தலைவராக நின்றார். அருட்பாவின் பக்கம் மறைமலையடிகளும், நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியிற் பிறந்த இசுலாமியப் புலவர் செய்குத்தம்பிப் பாவலரும் நின்று வாதிட்டனர். பிற மதத்தவர் ஒருவர் வள்ளலாருக்காக வாதாடியது நினைந்து மகிழத்தக்கது.

கதிரைவேற் பிள்ளையின் மாணவருள் ஒருவர் திரு.வி. கலியாணசுந்தரனார். ஆசிரியர்பால் கொண்ட பற்றினால் 1904ஆம் ஆண்டு வழக்கில் அவருக்காகச் சாட்சி சொல்லச் சென்று, தம் பள்ளித் தேர்வையே இழந்தார். அதே திரு.வி.க. பிற்காலத்தில் இராமலிங்கர் நூல்களைத் தாமே ஆழ்ந்து பயின்று, கருத்து மாறி, இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம் என்னும் நூலை எழுதினார். ஆசிரியரிடம் கொண்ட நன்றியை அவர் விட்டாரில்லை. ஆசிரியர் கருத்தை மட்டும் விட்டார். மாணவர்க்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

வடலூரிலோ நேர்மாறான செயல் நிகழ்ந்தது. அடிகளார் விலக்கிய சடங்குகள் காலப்போக்கில் ஞானசபைக்குள்ளேயே புகுந்தன. சன்மார்க்க அன்பர்கள் முறையிட்டதன்பேரில் 2006ஆம் ஆண்டில் அறநிலையத் துறை, வள்ளலார் வகுத்த முறைப்படியே வழிபாடு நடக்கவேண்டும் என்று ஆணையிட்டது. 2010ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. ஒருவர் தம் வாழ்நாள் முழுதும் முயன்று கைவிட்டதை, அவர் பெயராலேயே பின்வந்தோர் மீண்டும் பிடித்துக்கொள்வது உலகத்து இயல்பு போலும்.

உலக வரலாற்றிலும் இத்தகைய நிகழ்ச்சிகள் உண்டு. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று கூறிய கலிலியோவை 1633ஆம் ஆண்டில் உரோமைத் திருச்சபையின் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்தது. அத்தீர்ப்பில் நேர்ந்த தவற்றைப் போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுல் 1992ஆம் ஆண்டில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இடையில் 359 ஆண்டுகள் கடந்தன. திருச்சபை ஒப்புக்கொண்டது போற்றத்தக்கதே. ஆயினும் கலிலியோ வீட்டுக் காவலில் கிடந்து கண்ணிழந்து இறந்ததை அந்த ஒப்புதலால் மாற்றிவிட முடியாது. தவற்றை உணர்தல் நன்று. துன்புற்றவன் உயிரோடிருக்கும்போதே உணர்தல் மிக நன்று.

நமக்குரிய பாடம்

அண்ணல் அம்பேத்கர் 1935ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இயோலா மாநாட்டில், தாம் இந்துவாக இறக்கப் போவதில்லை என்று அறிவித்தார். ஆனால் அவர் பௌத்தம் தழுவியது 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில். இடையில் இருபத்தோர் ஆண்டுகள் அவர் சமயங்களை ஆராய்ந்தார். புத்தர் தம் போதனை தவறவே தவறாதது என்று உரிமை கொண்டாடவில்லை என்பதும், காலத்திற்கு ஏலாதவற்றை விலக்கும் உரிமையைத் தம்மைப் பின்பற்றுவோர்க்கு அளித்தார் என்பதும் அண்ணலைக் கவர்ந்த காரணங்களுள் அடங்கும். 1950ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் இதனை அவர் எடுத்துக்காட்டியுள்ளார். வடலூராரும் அண்ணலும் வெவ்வேறு வழி நடந்தவர்கள். ஆராயாமல் பற்றுவதும், பற்றியதை ஆராய மறுப்பதும் கூடா என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

நம் அம்மாபேட்டைச் சூழலை நோக்குவோம். நம் மக்கள் வாழும் ஒரே தெருவில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவோர் உளர். ஞாயிறுதோறும் தேவாலயம் செல்வோர் உளர். பௌத்தம் தழுவியோர் உளர். கடவுள் இல்லை என்போரும் உளர். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு வழியிலும் தம்பி வேறு வழியிலும் செல்வதைக் காண்கின்றோம். திருமணத்தை எம்முறையில் நடத்துவது, இறந்தவரை எம்முறையில் அடக்கம் செய்வது என்னும் வினாக்களில் உறவு முறிந்த வீடுகளும் உண்டு. தன் வழியே வழி, பிறர் வழி இழிவு என்று ஒவ்வொருவரும் உறுதி கொண்டால், நம் சங்கத்தைக் கலைக்க வெளியார் எவரும் வரவேண்டியதில்லை. இவ்வெச்சரிக்கை பகுத்தறிவாளர்க்கும் உரியது. நம்புகிறவனை மூடன் என்று இகழ்பவனும் தன் அறிவுக்குத் தவறு நேராது என்றே கருதுகிறான்.

அதே வேளையில், தவறக்கூடும் என்னும் பணிவு, அநீதிக்குத் தலைவணங்குவது ஆகாது. 2023ஆம் ஆண்டு சனவரியில் நம் சேலத்தை அடுத்த திருமலைகிரியில், கோயிலுக்குள் சென்ற தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞர் ஒருவர் ஊரார் முன் இழிவுபடுத்தப்பட்டார். 2024ஆம் ஆண்டு மே திங்களில் தீவட்டிப்பட்டியில் மாரியம்மன் கோயில் வழிபாட்டு உரிமை பற்றிய பூசல் கலவரமாகிக் கடைகள் தீக்கிரையாயின. பரம்பரை வழக்கம் தவறாக இருக்கலாம் என்று ஒரு கணமேனும் எண்ணிப் பார்த்திருந்தால் இவை நேர்ந்திரா. நாம் நம் உரிமையைச் சட்டத்தின் துணையோடு உறுதியாகக் கேட்போம். மனிதர் யாவரும் சமம் என்பதை நிலைநாட்ட நமக்குக் காரணங்கள் உண்டு; அக்காரணங்களை எவர் முன்னும் எடுத்துவைத்து வாதாட நாம் அணியமாக உள்ளோம். காரணம் கேட்காதே என்று சொல்லும் உறுதிக்கும், காரணத்தை எடுத்துவைக்கும் உறுதிக்கும் உள்ள வேறுபாட்டை இளைஞர்கள் தெளிவாக அறிதல் வேண்டும்.

நெடுங்காலம் வகுப்பறையில் நின்ற அனுபவத்தால் ஒன்று கூறுவோம். கணக்கின் விடை தவறு என்று காட்டியவுடன் அதனை அழித்துவிட்டு மீண்டும் போட்டுப் பார்க்கும் மாணவன் ஆண்டிறுதியில் தேறிவிடுகிறான். விடைத்தாளைக் கையால் மறைத்துக்கொள்பவனுக்கே கல்வி கடினமாகிறது. சமயத்திலும், அரசியலிலும், சங்க நிர்வாகத்திலும் இது பொருந்தும்.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள்களை விடுக்கின்றோம். உதவித்தொகைக்கும் பயிற்சி வகுப்பிற்கும் வரும் மாணவரிடம் தேவையை மட்டுமே கேளுங்கள். அவர் எந்தச் சமயம், எந்த உட்பிரிவு என்று கேளாதீர். ஆண்டுதோறும் நடக்கும் பொதுக்குழுவில், சென்ற ஆண்டின் எந்த முடிவைத் திருத்தவேண்டும் என்பதற்கு முதலில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சங்க நூலகத்தில் அம்பேத்கர் நூல்களோடு திருவருட்பாவையும், பைபிளையும், குர்ஆனையும், பௌத்த நூல்களையும், பெரியார் எழுத்துகளையும் ஒருசேர வையுங்கள். நம் பிள்ளைகள் யாவற்றையும் படிக்கட்டும், ஒப்பிட்டு நோக்கட்டும், ஏற்பதை ஏற்று, பின்னர்ப் பிழை என்று கண்டால் நாணாமல் மாற்றிக்கொள்ளட்டும். வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் பொன்விழாவும் காண வாழ்த்துகின்றோம்.